தரங்கம்பாடி ஈ

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டா என்று கேட்டால், புதுக்கோட்டை டவுனிலேயே சிலர் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். உண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக ஊர்கள். அந்த வரிசையின் தெற்குக் கோடியில் இருப்பது மீமிசல். அதைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் ராமநாதபுரம் மாவட்டம் வந்துவிடும். பெரிய அலை இல்லாத பாக் நீரிணைக் கடல், சீமைக் கருவேல முள், உப்புக் காற்று, மண்டையைப் பிளக்கும் வெயில்.

அந்த வெயிலில் ஒரு டீக்கடை வாசலில் காரை நிறுத்தினோம். கடைக்காரர் ஒரு பாய். அறுபது வயது இருக்கும். டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கடையை ஒட்டி மூக்குத்திப்பூச் செடிகள் காடாக மண்டிக் கிடந்தன. நடுவில் மஞ்சளும் ஓரத்தில் வெள்ளையுமாகப் பூக்குமே, அடிபட்டால் இலையைக் கசக்கி வைப்பார்களே, அதே செடிதான். அதில் ஒரு பூவுக்கு நாலு விரற்கடை உயரத்தில் ஒரு பூச்சி நின்றுகொண்டிருந்தது. பறந்துகொண்டிருந்தது என்று சொல்லவில்லை, கவனியுங்கள். நின்றுகொண்டிருந்தது. காற்றில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி. உடம்பெல்லாம் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை.

நான் குனிந்து பார்க்கப் போனேன்.

"தள்ளி நில்லுங்க சார், கொட்டிப்புடும்" என்றார் பாய். தோளில் கிடந்த துண்டை உருவி ஒரே வீச்சு. பூச்சி அரையடி தள்ளிப் போய், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி நின்றது.

"தேனீயா பாய்?"

"தேனீதான். சின்ன ஜாதி. இல்லாட்டி குளவிக் குட்டியா இருக்கும்."

குளவி குட்டி போடாது. அது தேனீயும் இல்லை. கொட்ட அதனிடம் கொடுக்கே கிடையாது. அது ஒரு ஈ. நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்காருகிற ஈக்குத் தூரத்துப் பங்காளி. இங்கிலீஷில் ஹோவர் ஃப்ளை என்பார்கள். விவசாயத் துறைக் கையேடுகளில் சிர்பிட் ஈ என்று போட்டிருப்பார்கள். தமிழில் மலர் ஈ என்று எழுதுகிறவர்களும் உண்டு. நான் பார்த்த ஆசாமியின் முழுப் பெயர் இஷியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ். வாயில் நுழையாத இந்தப் பெயருக்குப் பின்னால், சோழமண்டலக் கரையில் ஆரம்பித்து ஐரோப்பா போய், தைவான் சுற்றி, மறுபடி நம் கரைக்கே வந்து சேர்ந்த ஒரு கதை இருக்கிறது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஆள்மாறாட்டக் கதை.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை துண்டை வீசும் முன் உதவும்.

தேனீக்கும் குளவிக்கும் சிறகு நாலு. ஈக்கு இரண்டே இரண்டு. பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி மாதிரி இரண்டு சின்னக் குச்சிகள் மட்டும் இருக்கும். பறக்கும்போது உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. அந்தரத்தில் நிற்கிற வித்தையே அதனால்தான். அப்படி நிற்கும்போது சிறகு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கும் என்பதால் நம் கண்ணுக்குச் சிறகே தெரியாது. அடுத்து, தலை. ஈக்குத் தலை முழுக்கக் கண்தான். இந்த வகையில் ஆண் என்றால் இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி இடைவெளி. குளவிக்கு நீள மீசை, இதற்கு முளைவிட்ட மாதிரி ஒரு துளி. சிறகைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நடுவில் ஒரு நரம்பு மற்ற நரம்புகளோடு சேராமல் சும்மா கிடக்கும். அதற்குப் பூச்சி நிபுணர்கள் வைத்திருக்கும் பெயரே பொய் நரம்பு என்பதுதான். உலகத்தில் சுமார் 6,000 வகை ஹோவர் ஃப்ளைகள் உண்டு. இந்தியாவில் மட்டும் சுமார் 350. அநேகமாக எல்லாவற்றுக்கும் இந்தப் பொய் நரம்பு இருக்கிறது.

இதெல்லாம் குடும்ப அடையாளம். நம் ஆளுக்கென்று தனி அங்க அடையாளம் உண்டு. நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள். மார்பின் இரண்டு ஓரத்திலும் ஜரிகை வைத்த மாதிரி பளிச்சென்று மஞ்சள் கோடு. முதுகின் கடைசியில் குட்டிக் கேடயம் போல ஒரு தகடு, அதுவும் மஞ்சள். வயிற்றில் கொஞ்சம் வளைந்த மஞ்சள் பட்டைகள். ஆணாக இருந்தால் பின்னங்கால் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு பல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு ஜெர்மானியர் அதில் தடுக்கி விழப்போகிறார்.

எதற்கு இந்த வேஷம்? நான் படித்தது பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். சந்தையில் ஒரு கம்பெனி கஷ்டப்பட்டுப் பெயர் வாங்குகிறது. லேபிளைப் பார்த்தாலே ஜனங்களுக்குத் தெரிகிறது. பக்கத்துத் தெருக்காரன் அதே நிறத்தில், அதே எழுத்தில் லேபிள் அடித்துச் சரக்கை இறக்குகிறான். முதலீடு ஒன்றுமில்லை, லேபிள் செலவு மட்டும். குளவியும் தேனீயும் விஷம், கொடுக்கு என்று செலவழித்துப் பெயர் வாங்கியிருக்கின்றன. கறுப்பு மஞ்சளைக் கண்டால் குருவிக்குப் பயம். ஈ அந்த லேபிளை மட்டும் ஒட்டிக்கொண்டது. ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டில் 11 வருஷம் வண்ணத்துப்பூச்சிகள் பின்னால் அலைந்துவிட்டு, 1862-ல் இந்த டூப்ளிகேட் வியாபாரத்தை விளக்கி எழுதினார். டார்வினுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

குருவி ஏமாறுவது இருக்கட்டும். மனிதன் ஏமாந்தான் பாருங்கள், அதுதான் பெரிய கதை. மீமிசல் பாய் எந்த மூலைக்கு? ரோமாபுரியின் மகாகவியே ஏமாந்திருக்கிறார்.

விர்ஜில், கி.மு. 29 வாக்கில் எழுதி முடித்த ஜார்ஜிக்ஸ் என்ற விவசாய காவியத்தின் நாலாவது புத்தகத்தில், தேனீக்கள் கூண்டோடு செத்துப்போனால் புதுத் தேனீக்களை உண்டாக்குவது எப்படி என்று ஒரு செய்முறை தருகிறார். இரண்டு வயதுக் காளைக்கன்று ஒன்று வேண்டும். நாலு திசைக்கும் நாலு ஜன்னல் வைத்து ஒரு சின்னக் குடிசை கட்ட வேண்டும். கன்றின் மூக்கையும் வாயையும் அடைத்து, தோல் கிழியாமல் அடித்தே கொல்ல வேண்டும். வாசனைத் தழைகளைப் போட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். சில நாளில் உடம்பு புளித்து நுரைத்து, உள்ளேயிருந்து தேனீக்கள் மேகம் மேகமாகக் கிளம்பும். எகிப்தில் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார். புகோனியா என்று இதற்குப் பெயர். காளையில் பிறந்தவை என்று அர்த்தம்.

படிக்கும்போதே குமட்டுகிறது இல்லையா? ஆனால், இது ஏதோ ஒரு கவிஞரின் கற்பனை என்று ஒதுக்க முடியாது. பத்தாம் நூற்றாண்டு பைசாண்டிய விவசாயத் தொகுப்பு ஒன்றிலும் இதே செய்முறை இருக்கிறது. பைபிளில் சிம்சோன் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீக்கூட்டமும் தேனும் இருந்ததாக நியாயாதிபதிகள் ஆகமத்தில் வருகிறது. (லண்டனில் ஒரு சர்க்கரைப் பாகு கம்பெனி 1880-களில் அந்தச் செத்த சிங்கத்தையும் தேனீக்களையுமே தன் டின்னில் அச்சடித்து விற்றது. லேபிள் பற்றிப் பேசினோமே, அதனால் ஞாபகம் வந்தது.) பதினேழாம் நூற்றாண்டு வரை படித்தவர்கள் இதை நம்பினார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் ஒரு ரஷ்ய ராஜதந்திரி. ஓஸ்டென் சாக்கென் என்ற பிரபு. நியூயார்க்கில் ரஷ்யாவின் கான்சல் ஜெனரலாக இருந்தவர். பதவி அரசாங்கத்துக்கு, மனசு ஈக்களுக்கு. 1894-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். காளையின் உடம்பிலிருந்து கிளம்பியது தேனீயே இல்லை, எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் என்ற ஹோவர் ஃப்ளை என்றார். அது தேனீயைப் போலவே பழுப்பாக, ரோமத்தோடு இருக்கும். அதன் புழு அழுகிய நீரில் வளரும். பின்னால் எலிவால் போல நீளும் ஒரு குழாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கி மூச்சு விடும். நுரைத்து அழுகிய பிணம் என்றால் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி கிடைத்த மாதிரி. வளர்ந்து சிறகோடு வெளியே வந்ததைப் பார்த்து, ஆஹா தேனீ என்று ஜனங்கள் கை தட்டியிருக்கிறார்கள்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இந்தத் தேனீ ஒரு சொட்டுத் தேன் தந்திருக்காதே! ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் ஒருவர்கூடவா ஸ்டாக் எடுத்துப் பார்க்கவில்லை?

சரி, நம் கரைக்கு வருவோம். மீமிசலிலிருந்து கடலோரமாகவே வடக்கே போய், கோடியக்கரை மூக்கைச் சுற்றி, நாகப்பட்டினம் தாண்டினால் தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை எழுதி வாங்கி, டென்மார்க்காரர்கள் அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். சீகன்பால்கு வந்தார், அச்சுக்கூடம் வந்தது, தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். படிக்காத ஒன்று உண்டு. அதே ஊரிலிருந்து மிளகும் துணியும் ஏறிய கப்பல்களில் பூச்சிகளும் ஏறின. ஊசியில் குத்தி, பெட்டியில் அடுக்கி, கரையான் அரிக்காமல் பத்திரமாக.

1768-ல் மிஷனுக்கு வைத்தியராக வந்த கோனிக் என்பவர் சாட்சாத் லின்னேயஸின் மாணவர். உயிரினங்களுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டினாரே, அந்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ்தான். கோனிக் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரையான்களைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். ஜான் என்ற பாதிரியார் ஜெபக்கூட்டத்துக்கு நடுவே மீனும் சிப்பியும் சேர்த்தார். டால்டோர்ஃப் என்று ஒரு படை அதிகாரி. இவர் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 1791 நவம்பரில் தரங்கம்பாடி அருகே குளக்கரைப் பனை மரத்தில், தண்ணீருக்கு அஞ்சடி உயரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797-ல் அதை அச்சிட்டது. பிற்பாடு நூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவில் இது பற்றிச் சண்டை. மீனாவது, மரம் ஏறுவதாவது! நம்மூர்க்காரர்கள் அந்த மீனைச் சாதாரணமாகப் பனையேறிக் கெண்டை என்று சொல்லிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப் பிடிபட்ட பூச்சிகள் எல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தவர், யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரீசியஸ். இவரும் லின்னேயஸின் மாணவர். 1745-ல் பிறந்தவர். கீல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அன்றைக்குக் கீல் டென்மார்க் ராஜாவின் ஆளுகையில் இருந்தது. என்ன பேராசிரியர் தெரியுமா? இயற்கை வரலாறும் பொருளாதாரமும். இதைப் படித்தபோது என் பி.காம். மனசு கொஞ்சம் துள்ளியது. அரசாங்க வரவு செலவைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டு, லீவு விட்டால் கோபன்ஹேகன், லண்டன், பாரிஸ் என்று போய் யார் யார் பெட்டியில் என்னென்ன பூச்சி இருக்கிறது என்று பார்த்து எழுதுவார். வாழ்நாளில் சுமார் பத்தாயிரம் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். இன்னொரு ஆள் இத்தனை செய்திருக்கிறாரா என்றால் அந்தக் காலத்தில் இல்லை.

குருநாதர் லின்னேயஸ் பூச்சிகளைச் சிறகு பார்த்துப் பிரித்தார். சிஷ்யர் வாயைப் பார்த்துப் பிரித்தார். எதைத் தின்கிறது, எப்படித் தின்கிறது என்பதில்தான் ஒரு பூச்சியின் பிழைப்பே இருக்கிறது என்பது அவர் கட்சி. பொருளாதார வாத்தியாருக்கு வேறெப்படித் தோன்றும்? உறிஞ்சும் வாய் உள்ள ஈ, கொசு வகையறாவுக்கு அவர் வைத்த பெயர் ஆன்ட்லியாட்டா. ஆன்ட்லியா என்றால் லத்தீனில் தண்ணீர் இறைக்கும் பம்ப். 1805-ல் வெளிவந்த சிஸ்டெமா ஆன்ட்லியாட்டோரம் என்ற புத்தகத்தில் தரங்கம்பாடியிலிருந்து வந்த ஒரு சின்ன ஈக்குச் சில வரி லத்தீன் விவரணை இருக்கிறது. முதுகில் இருந்த அந்த மஞ்சள் கேடயத்தைப் பார்த்து, ஸ்கூட்டெல்லாரிஸ் என்று பெயர் வைத்தார். குட்டிக் கேடயக்காரன்.

இதை எழுதி இரண்டு வருஷம்தான். 1807-ல் பாரிஸில் இருந்தபோது, ஆங்கிலேயர்கள் கோபன்ஹேகன் மீது குண்டு போட்ட செய்தி வந்தது. கீலுக்குத் திரும்பினார். 1808-ல் காலமானார். அதே 1808-ல் ஆங்கிலேயர்கள் தரங்கம்பாடியையும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு திருப்பித் தந்து, கடைசியில் 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு வாங்கியே விட்டார்கள். ஈ மட்டும் டென்மார்க் பெயரிலேயே தங்கிவிட்டது.

தங்கிவிட்டது என்று சொன்னேன். அவ்வளவு சுலபமாக இல்லை. இங்கேதான் இரண்டாவது ஆள்மாறாட்டம்.

ஒரே ஈ. ஆனால் அது வாழும் பரப்பைப் பாருங்கள். மேற்காசியாவிலிருந்து இந்தியா, சீனா, ஜப்பான், பசிபிக் தீவுகள் வரை. சூடும் வெளிச்சமும் திறந்த வெளியும் இருந்தால் போதும். வயல்வரப்பு, தோட்டம், ரோட்டோரக் களைச்செடி, மீமிசல் டீக்கடை. இத்தனை துறைமுகத்திலும் இத்தனை பேர் பிடித்தார்கள். ஒவ்வொரு நிபுணரும் தன் மேஜைக்கு வந்ததை மட்டும் பார்த்து, புதுசு என்று நினைத்தார். 1842-ல் பிரான்ஸின் மெக்கார் இதற்குக் கோரமண்டலென்சிஸ் என்று பெயர் வைத்தார். சோழமண்டலக் கரைக்காரன்! பெயர் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் 37 வருஷம் லேட். பின்னால் இன்னும் சிலர் இன்னும் சில பெயர்கள் வைத்தார்கள்.

கிளைமாக்ஸ் 1913-ல். தைவானிலிருந்து வந்த பூச்சிகளை ஆராய்ந்த ஜெர்மானியர் சாக், ஒரு ஆண் ஈயின் பின்னங்கால் ஆரம்பத்தில் நீட்டிக்கொண்டிருந்த பல்லைப் பார்த்தார். அசந்துவிட்டார். இப்படி ஒரு ஈயா? புது வகை மட்டுமில்லை, புதுப் பேரினமே என்று முடிவு கட்டி, இஷியோடான் என்று பெயர் சூட்டினார். கிரேக்கத்தில் இடுப்புப் பல் என்று அர்த்தம் வரும். வைத்த பிறகு பார்த்தால், அது 108 வருஷத்துக்கு முன் தரங்கம்பாடியிலிருந்து போன அதே குட்டிக் கேடயக்காரன்.

விஞ்ஞானத்தில் முதலில் வைத்த பெயருக்குத்தான் பட்டா. ஆனால் சாக் கண்ட பல் நிஜம், பேரினமும் நிஜம். ஆகவே பஞ்சாயத்து இப்படி முடிந்தது. முன்பாதி சாக் வைத்த இஷியோடான். பின்பாதி ஃபாப்ரீசியஸ் வைத்த ஸ்கூட்டெல்லாரிஸ். மெக்காரின் சோழமண்டலக் கரைக்காரன் தள்ளுபடி. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்திய ஹோவர் ஃப்ளைகளை எல்லாம் ஒரே இடத்தில் கொண்டு வந்து, இது இன்னது என்று பிரித்துக் காட்டியவர் புரூனெட்டி. தொழிலால் சங்கீதக்காரர். 1904-ல் கல்கத்தாவுக்கு வந்தார். வயிற்றுக்கு இசை, மற்ற நேரமெல்லாம் கல்கத்தா மியூசியத்தில் ஈ. அவர் எழுதிய தடிமனான ஈ தொகுதி 1923-ல் வெளிவந்தது. நூறு வருஷம் ஆகிவிட்டது. இந்தியாவில் ஹோவர் ஃப்ளை பற்றி யார் வேலை செய்தாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பாய் டீயை நீட்டியபடியே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். முழுக்க நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப அது கொட்டவே கொட்டாதா?" என்றார். கொட்டாது என்றேன். "அப்ப அதால என்ன பிரயோசனம்?"

நியாயமான கேள்வி. ஃபாப்ரீசியஸே அதைத்தான் கேட்டிருப்பார். பதில் கடைக்குப் பின்னால் இருந்தது.

பின்கட்டில் பாய் வீட்டம்மா போட்ட அவரைப் பந்தல். கொடியின் கொழுந்தெல்லாம் கறுப்பாக மொய்த்துக் கிடந்தது அசுவினி. விவசாயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடுகைவிடச் சின்னப் பூச்சி. கூட்டம் கூட்டமாகக் கொழுந்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். அவரை, உளுந்து, தட்டைப்பயறு, கடலை எதையும் விடாது. இலை சுருளும். உடம்பிலிருந்து வடிகிற இனிப்புக்கு எறும்பு வரும். போதாததற்கு ஒரு செடியின் வைரஸ் நோயை இன்னொரு செடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெப்பமான ஊர்களில் அசுவினிக்கு மாப்பிள்ளையே தேவையில்லை. பெண்ணே பெண்ணை முட்டையில்லாமல் நேராகப் பெற்றுப் போடும். பிறந்தது ஒரு வாரத்தில் தாயாகிவிடும். கூட்டு வட்டி என்றால் இதுதான்.

"சாம்பல் தூவிப் பார்த்தாச்சு சார். கேக்கல. மருந்துதான் அடிக்கணும்" என்றவர், ஒரு கொழுந்தைத் திருப்பிக் காட்டினார். "இந்தா பாருங்க, இந்தப் புழு வேற. இதுதான் எல்லாத்தையும் தின்னு தீர்க்குது."

அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பச்சைப் புழு. முதுகில் வெளிறிய கோடு. கால் இல்லை, கண் இல்லை, தலை என்று சொல்ல ஒன்றுமில்லை. முன்பக்கம் கூர், பின்பக்கம் மொத்தை. பாயின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அதை நசுக்கக் கிட்டே போய்விட்டன. கையைப் பிடித்து நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தோம். புழு முன்பக்கத்தைத் தூக்கி, குருடன் தடவுவது போல இடதும் வலதும் துழாவியது. ஒரு அசுவினி மேல் பட்டது. அப்படியே கவ்வி மேலே தூக்கியது. அசுவினியின் கால்கள் காற்றில் உதறின. ஒரு நிமிஷம் இருக்கும். சாறு முழுக்க இறங்கியதும் வெறும் தோலைக் கீழே போட்டுவிட்டு மறுபடி துழாவ ஆரம்பித்தது.

"அட" என்றார் பாய்.

வாசலில் அவர் துண்டால் அடித்தாரே, அதனுடைய பிள்ளை இது. அம்மா சுத்த சைவம், பூவில் தேனும் மகரந்தமும்தான் ஆகாரம். மகரந்தம் தின்றால்தான் முட்டையே உருவாகும். பிள்ளை முழு அசைவம். அம்மா பூ பூவாக அலைவது தன் சாப்பாட்டுக்கு. பிறகு கொடி கொடியாக அலைவது பிள்ளையின் சாப்பாட்டுக்கு. அசுவினி எங்கே மொய்க்கிறது என்று தேடிப் பிடித்து, அந்தக் கூட்டத்தின் பக்கத்தில் அரிசிக் குறுநொய் போல வெள்ளையாக ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போகும். இரண்டு மூன்று நாளில் பொரியும். புழுவாக இருக்கும் ஒன்றரை வாரத்துக்குள் ஒவ்வொன்றும் சில நூறு அசுவினிகளைக் காலி செய்யும். அப்புறம் இலையில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகும். ஒரு வாரத்தில் ஈ. வெயில் ஊரில் எல்லாம் சேர்த்து மூன்று வாரத்துக்குள் கணக்கு முடிந்துவிடும்.

இதற்கும் ஒரு எமன் உண்டு. டிப்ளாசான் என்று ஒரு குட்டிக் குளவி. அது நிஜக் குளவி. ஈயின் முட்டையிலோ இளம் புழுவிலோ தன் முட்டையைச் செருகிவிடும். கூட்டுப்புழுவிலிருந்து ஈக்குப் பதில் குளவி வெளியே வரும். குளவி வேஷம் போட்டவனின் வீட்டிலிருந்து அசல் குளவி! அந்தக் குளவிக்கும் 1781-ல் பெயர் வைத்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அதே ஃபாப்ரீசியஸ்.

இப்போது மருந்துக் கணக்கைப் பார்க்கலாம். பூச்சிமருந்து அடித்தால் அசுவினியும் சாகும், இந்தப் புழுவும் சாகும். ஆனால் எல்லா அசுவினியும் சாகாது. சுருண்ட இலைக்குள் நாலு தப்பிக்கும். அதற்கு ஒரு வாரம் போதும், மறுபடி கடை திறந்துவிடும். ஈக்கு மூன்று வாரம் வேண்டும். அதுவும், அசுவினி திரும்ப மொய்த்த பிறகுதான் அம்மா தேடிக்கொண்டு வரும். இந்த இடைவெளியில் அசுவினிக்குக் கேட்பாரே இல்லை. கொடி முன்னைவிட மோசமாகக் கறுக்கும். பயந்து இன்னொரு தடவை அடிப்போம். கடன்காரனை அடித்து விரட்டுகிறோம் என்று நினைத்து, கடனை அடைக்க வந்தவனையும் சேர்த்து விரட்டுகிற கதை.

ஒரு ஈயை நம்பி மருந்தே வேண்டாம் என்று ஊருக்கு உபதேசம் செய்ய நான் தயாரில்லை. அறுபது நாள் உளுந்தை வைத்துத்தான் பலருக்கு வருஷத்துக் கடன் அடைகிறது. பத்து ஏக்கர் கறுத்துக் கிடக்கும்போது புழு தின்னட்டும் என்று கை கட்டிக்கொண்டு நிற்க எந்த விவசாயிக்கும் தைரியம் வராது. கொழுந்தைத் திருப்பிப் பார்த்து, பச்சைப் புழு எத்தனை, அசுவினி எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகு மருந்தைக் கையில் எடுக்கலாம். அதற்கு முதலில் அந்தப் புழு யார் பக்கத்து ஆள் என்று தெரிந்திருக்க வேண்டும். பாயைப் போலவே, தின்னுகிறது என்ற பாதி உண்மையை வைத்துத்தான் பெரும்பாலோர் அதை நசுக்குகிறோம். எதைத் தின்னுகிறது என்பதுதானே விஷயம்!

கிளம்பும்போது பாய் என் நம்பரை வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை. டீக்குக் காசு வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் காலையில் போன்.

"சார், மீமிசல் டீக்கடை பேசுறேன். அந்தப் புழுவைக் காணோம் சார்."

"கொழுந்து எப்படி இருக்கு பாய்?"

"அது பரவாயில்ல, கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. ஆனா இலைக்கு அடியில சொட்டு மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. பசை போட்ட மாதிரி. ஏதோ நோவு போல. வீட்ல பறிச்சுப் போடச் சொல்றாங்க. பறிச்சுடவா?"

"வேண்டாம் பாய். ஒரு வாரம் விட்டு வையுங்க."

"ஒரு வாரம் கழிச்சு?"

"அப்புறம் டீக்கடை வாசலுக்கு வரும். துண்டை எடுக்காதீங்க."